மஞ்சள் பூசிய ‘ஆமாம்’

ஒரு காட்டில் யாரும் யாரையும் நம்பாமல் போனதால், எல்லாரும் சேர்ந்து ஒரு கிரிப்டோ பொந்து வைத்துக்கொண்டார்கள். அதற்குக் காவலும் இல்லை, முதலாளியும் இல்லை. ஒரு பூட்டு மட்டும்தான்.

வேலாத்தா என்ற அணில், மழைக்காலத்தில் குட்டிகளுக்கு ஆகட்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த கடலையையெல்லாம் அதில்தான் போட்டு வைத்திருந்தாள். அவள் எடுக்காமல் போனால் வாங்கிக்கொள்ள வேண்டிய நாமினி, பக்கத்து வேலி ஓணான். ஏற்பாடு இதுதான்: ‘கடலை அணிலுக்கா?’ என்பது பூட்டின் கேள்வி. பூட்டின் குழியில் ஒரு கூழாங்கல் வைத்துப் பிடியை இழுத்தால் ‘ஆமாம்’, கடலை அணிலுக்கு. மழை தொடங்கியபின் குழியைக் காலியாக விட்டு இழுத்தால் ‘இல்லை’, கடலை ஓணானுக்கு.

முன்பெல்லாம் குழியில் எது கிடந்தாலும் பூட்டு ‘ஆமாம்’ என்றே எடுத்துக்கொள்ளும். குரங்குகள் சும்மா இருக்குமா? அடுத்தவர் வைத்த கல்லை எடுத்துவிட்டுப் பலாக்கொட்டையை வைத்தன. கதவு திறந்தது, ஆனால் குழியில் கிடப்பதைப் பார்த்துப் பூட்டு போடும் ரசீது எண் மாறிப்போய், எடுத்தது யார் என்று காடே அடித்துக்கொண்டது. அன்றிலிருந்து கண்டிப்பு. ஒரே ஒரு வெறுங்கல், இல்லையென்றால் காலிக்குழி. வேறெதுவும் செல்லாது.

மேகம் கறுத்ததும் வேலாத்தா கிளம்பினாள். நல்ல காரியத்துக்கு மொட்டைக் கல்லையா வைப்பது? மஞ்சள் பூசி வைத்தாள். பூட்டு துப்பிவிட்டது.

"அக்கா, ஒண்ணுன்னா ஒண்ணுதான். மஞ்சள் பூசின ஒண்ணு வேற" என்றாள் பொந்து வாசலில் விவரம் சொல்லும் மைனா.

கழுவித் தொலைத்திருக்கலாம். ஆனால் பூசிய மஞ்சளை யாராவது கழுவுவார்களா? வேறு கல்லை எடுத்து, துணைக்கு ஒரு பூவும் வைத்தாள். துப்பியது. பதற்றத்தில் கல்லை வாரித் திணித்து, "ஆமா, ஆமான்னுதானே சொல்றேன்" என்று அழுதாள். அதையும் துப்பியது. பாவம், அவ்வளவு மனதாரச் சொன்ன ஆமாமை அந்தக் காடு அதற்குமுன் கேட்டதில்லை.

சிதறிய கற்களை அவள் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே முதல் தூறல் விழுந்தது. ஓணான் வந்தான். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவானே தவிர, எதற்கும் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. குழியில் ஒன்றும் வைக்காமல் பிடியை இழுத்தான். கதவு பவ்யமாகத் திறந்தது.

"உனக்குக் கடலை ஆகாதேடா தம்பி" என்றாள் வேலாத்தா.

"ஆகாதுதான் அக்கா. ஆனா பூட்டு அதைக் கேக்கலையே" என்று சொல்லிவிட்டு, ஓணான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

நீதி: மனதாரச் சொல்பவரிடம்தான் ஆயிரம் திருத்தம் கேட்பார்கள், ஒன்றுமே சொல்லாதவன் சொன்னதில் பிழை கண்டவர் எவருமில்லை.