பேட்டரிக்குள் ஒரு கங்காணி

ஒரு வீட்டில் எஞ்சினியரிங் படித்தவர் ஒருவர் இருந்துவிட்டால், ஓடாத பொருள் எல்லாம் அவர் கைக்குத்தான் வந்து சேரும். என்ன எஞ்சினியரிங், எப்படிப் படித்தார் என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. நான் படித்தது எலெக்ட்ரிக்கல். அதிலும் பேட்டரி பற்றிய பாடத்தைத் தேர்வில் சாய்ஸில் விட்டவள். (எங்கள் வகுப்பில் எல்லாருமே விட்டார்கள். ஆனால் எல்லாரையும் ஏலத்தோட்டம் உள்ள வீட்டில் கட்டிக்கொடுக்கவில்லையே.)

கல்யாணமாகி போடிக்கு வந்த புதிதில் புகுந்த வீட்டு மிக்ஸி நின்றுபோனது. அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினேன், ஓடியது. இன்னொரு நாள் டிவியில் படம் வரவில்லை. சுவிட்சை அணைத்துப் போட்டேன்; வந்தது. என் பொறியியல் சாதனைகள் அவ்வளவுதான். ஆனால் என் மாமியார், அதாவது அத்தை, தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்: "எங்க நித்யா கை வச்சாப் போதும், நின்னது எந்திரிச்சு ஓடும்." மறுக்கவேண்டியது நான்தான். மறுக்கவில்லை. பாராட்டு என்பது ஓசியில் வரும் சர்க்கரைப் பொங்கல் மாதிரி, வேண்டாம் என்று சொல்ல வாய் வராது.

அத்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மாமனார் காலமான பிறகு குரங்கணிக்கு மேலே இருக்கும் தோட்டத்தைத் தனியாளாக நடத்துகிறவர். எதையும் கையில் தூக்கிப் பார்த்து எடைபோட்டுத்தான் நம்புவார். பூசணிக்காய் ஆனாலும் சரி, பெண் பார்க்க வந்தபோது என் வளையல் ஆனாலும் சரி.

தோட்டத்தில் எங்களுக்கு ஒரு ஸ்டோர் உண்டு. ஸ்டோர் என்றால் கடை இல்லை, பறித்த பச்சை ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடம். வெளியே அடுப்பில் விறகு எரியும், அந்தச் சூடு குழாய் வழியே உள்ளே வரும், பெரிய காற்றாடி ஒன்று அதைத் தட்டு தட்டாக அடுக்கிய காய்மேல் சுழற்றிவிடும். காற்றாடி நின்றால் அடித்தட்டுக் காய் கருகும், மேல்தட்டுக் காய் வெந்துபோகும். பச்சை நிறம் போய்விட்டால் அந்தக் காயை ஏலத்தில் யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். மலையிலோ மழைத்தூறல் விழுந்தாலே கரண்ட் போய்விடும். அதனால்தான் சோலாரும் பேட்டரியும்.

பழைய பேட்டரி ஆசிட் ஊற்றும் ரகம். அதை ஜீப்பிலிருந்து இறக்க நாலு பேர் வேண்டும். மாதாமாதம் தண்ணீர் ஊற்றி, ஆளைப் போட்டுத் துடைத்து, ஒரு கறவை மாட்டைப் போலத்தான் அதை வளர்த்தார்கள். அது ஒரு நாள் உப்பிப்போய் உயிரை விட்டது. அதற்குப் பதிலாக என் கணவர் பிரபு புது ரகப் பேட்டரி ஒன்றைத் தேனியிலிருந்து வாங்கி வந்தார். லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஜீப்பிலிருந்து அதை அவர் ஒரே கையில், சாப்பாட்டுத் தூக்கைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது.

அத்தை அதை வாங்கித் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். மறுபடி தூக்கினார்.

"என்னடா இது, இம்புட்டூண்டு இருக்கு?"

பக்கத்தில் சின்ன மாமா நின்றிருந்தார். மாமனாரின் தம்பி, ராசிங்காபுரத்துக்காரர். தென்னந்தோப்பைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பி எங்கள் தோட்டத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்வது அவர் வழக்கம். பெட்டியைத் தட்டிப் பார்த்து, "மதினி, காலி டப்பாவத் தலையில கட்டிட்டாய்ங்க. உள்ள ஒண்ணும் இருக்காது" என்றார்.

பிரபு என்னைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமினேன். (அந்தச் செருமலை மட்டும் அன்றைக்கு நான் அடக்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.)

"அத்தை, அது வேற ரகம். ஈயம் கெடையாது, அதான் எடையில்ல. உள்ள இருக்கறது லித்தியம், இரும்பு, பாஸ்பேட்."

"பாஸ்பேட்டா? நம்ம செடிக்குப் போடுறமே, அதா?"

"அது மாதிரிதான்… ஒரு வகையில சொந்தம்."

சின்ன மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப உரமும் இரும்பும்தான். மதினி, ஒரு மூட்டை உரத்தையும் ரெண்டு ஆணியையும் சேத்துக் கட்டியிருந்தா நம்மளே செஞ்சிருக்கலாம்ல."

கூலிக்கு வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. மகன் ஏமாந்துவிட்டானோ என்ற கவலை முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்து நான் சொன்னேன்: "தொறந்தே காட்டுறேன் அத்தை."

பிரபு மெதுவாக, "தொறக்கக்கூடாதுன்னு மேல ஒட்டியிருக்கு நித்யா" என்றார்.

"அது தெரியாதவங்களுக்கு" என்றேன்.

பேட்டரியை மாட்டி ஓடவிட்ட மறுநாள் காலை அரங்கேற்றம். நல்ல பறிப்பு நாள். ஸ்டோரில் தட்டு நிறைய காய், அடுப்பில் தீ. மலையெல்லாம் மஞ்சு மூடியிருந்தது. கரண்ட் இல்லை, காற்றாடி பேட்டரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்று நானே தீர்ப்புச் சொல்லி இன்வெர்ட்டரை அணைத்தேன். சோலார் வயரையும் கழற்றிவிட்டேன். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. அதற்குமேல் இல்லை.

மூடியின் திருகாணிகளைக் கழற்றினேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே நீல உறை போட்ட நாலு கட்டிகள், புத்தகங்களை நிறுத்தி வைத்ததுபோல வரிசையாக. மேலே அவற்றை இணைக்கும் செப்புப் பட்டைகள். ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு சின்ன போர்டு, அதிலிருந்து ஒவ்வொரு கட்டிக்கும் நூல்போல ஒரு வயர்.

"இம்புட்டுத்தானா?" என்றார் அத்தை.

"இந்தக் கட்டி ஒவ்வொண்ணும் ஒரு செல் அத்தை. உள்ள தகடுகளப் பாயி மாதிரி சுருட்டி வச்சிருக்கும். ஒரு தகட்டுல இரும்பும் பாஸ்பேட்டும் கலந்த கறுப்புப் பொடி பூசியிருக்கும். இன்னொரு தகட்டுல பென்சில் கரி மாதிரி ஒரு பொடி. ரெண்டும் ஒட்டிக்கிராம நடுவுல ஒரு மெல்லிசுத் தாளு. லித்தியம் இருக்குல்ல, அது இங்கிட்டும் அங்கிட்டும் போயிட்டு வரும்."

அத்தை முகத்தில் வெளிச்சம் இல்லை. நான் விடவில்லை.

"நம்ம ஆளுக காலையில ஜீப்புல மேல வர்றாங்க, சாயங்காலம் எறங்குறாங்கல்ல, அது மாதிரி. சார்ஜ் பண்ணுறப்ப லித்தியம் எல்லாம் மேட்டுக்கு ஏறும். நாம காத்தாடியப் போட்டா எறங்கும். எறங்கும்போதுதான் கரண்டு."

அத்தை யோசித்தார். "நம்ம ஆளுக மேல ஏறுனாத்தான் சோலி நடக்கும். இதுல எறங்குனாத்தான் நடக்குமா? தலைகீழாவுல்ல இருக்கு."

"ஆமா அத்தை."

"அப்ப யாரு எங்க போறா, எம்புட்டுப் போறான்னு பாக்க ஆளு வேணுமே."

என் மாமியார் மிகப் பெரிய அறிவாளி என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. "அதுக்குத்தான் கங்காணி இருக்கு அத்தை. இந்தப் பச்சை போர்டு. எந்தச் செல்லுலயாவது கூடிப்போச்சா, கொறஞ்சுபோச்சான்னு பாத்துக்கிட்டே இருக்கும். ஏதாவது தப்பு நடந்தாக் கதவச் சாத்திரும்" என்று சொல்லிக்கொண்டே, கங்காணி யார் என்று எல்லாருக்கும் தெரியட்டும் என, கையில் இருந்த நீண்ட ஸ்க்ரூ டிரைவரால் சுட்டிக் காட்டினேன்.

சுட்டியது போர்டைத்தான். ஆனால் ஸ்க்ரூ டிரைவரின் கம்பி போகிற வழியில் இரண்டு செப்புப் பட்டைகள்மேல் சாய்ந்துவிட்டது.

தீபாவளிக்கு வாங்கி நமுத்துப்போன வெடி திடீரென்று வெடித்ததுபோல ஒரு சத்தம். நீலமும் வெள்ளையுமாக ஒரு வெளிச்சம். நான் பின்னால் விழுந்தேன். கண்ணைத் திறந்தபோது சின்ன மாமா அடுக்கிய சாக்கு மூட்டைகளின் உச்சியில் இருந்தார். அவருக்கு மூட்டுவலி, எப்படி ஏறினார் என்பது இன்றுவரை அவருக்கே தெரியாது. ஸ்க்ரூ டிரைவரின் கம்பியில், எலி கடித்த தேங்காய்போல ஒரு துண்டைக் காணோம்.

"கதவச் சாத்திருச்சா ஆத்தா?" என்று மேலிருந்து கேட்டார் சின்ன மாமா.

மூடியைப் போட்டு முடுக்கினேன். இனிமேல் அதைத் திறப்பதில்லை என்று உள்ளுக்குள் சத்தியம் செய்துகொண்டேன். இன்வெர்ட்டரைப் போட்டேன். காற்றாடி அசையவில்லை. மீட்டரைப் பேட்டரியின் வெளி முனைகளில் வைத்தேன். சுழி. முனையைத் துடைத்துவிட்டு வைத்தேன். அப்போதும் சுழி.

தட்டுகளில் காய் இருந்தது. அடுப்பில் தீ இருந்தது. மஞ்சுக்குள் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செத்துருச்சு அத்தை" என்றேன்.

அத்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "தீய வெளிய இழுங்க. தட்டையெல்லாம் இறக்குங்க. ஜீப்ப வெரசா கொண்டா. கீழ பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருல டீசல் மோட்டார் இருக்கு, அங்க போட்டு எடுப்போம்." வேலையெல்லாம் நடக்கத் தொடங்கிய பிறகு, பேட்டரி அருகே போய், மடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்துத் திருநீறை எடுத்து மூன்று விரலால் அந்தப் பெட்டிமேல் பூசினார். பூசிவிட்டு என் பக்கம் பார்த்தார். எனக்கும் கொஞ்சம் பூசினார்.

பிரபுவை ஸ்டோரில் விட்டுவிட்டு, பாதி காய்ந்த ஏலக்காயோடு ஜீப்பில் இறங்கினோம். நான் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். அப்பா செலவழித்துப் படிக்கவைத்தது, பட்டமளிப்பு விழாவில் அங்கியோடு எடுத்த போட்டோ எல்லாம் வளைவுக்கு வளைவு நினைவுக்கு வந்தன. அத்தை ஒரு காயைப் பிட்டு முகர்ந்து பார்த்தார், என்னிடம் நீட்டினார். முகர்ந்தேன். வாசனை இருந்தது. அழுகையும் வந்தது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் நல்ல மனிதர். உடனே ஒரு அறையை ஒதுக்கிக்கொடுத்தார். காயை எல்லாம் தட்டில் பரப்பி முடித்த பிறகு டீயைக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "ஏக்கா, உங்க மருமகதான் எஞ்சினியராச்சே. பேட்டரியப் பாக்கச் சொல்லலையா?"

அத்தை டீயை ஊதினார். "அவ பாத்ததுனாலதான் இங்க வந்திருக்கோம்."

மதியம் போல மேலே திரும்பினோம். மஞ்சு விலகி நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஜீப் கடைசி வளைவில் திரும்பும்போதே ஒரு சத்தம் கேட்டது. காற்றாடிச் சத்தம். காலி ஸ்டோரில், ஒரு காய் கூட இல்லாத தட்டுகளுக்கு அது சுறுசுறுப்பாக விசிறிக்கொண்டிருந்தது. வாசலில் பிரபு பேய் அறைந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

"நான் ஒண்ணும் செய்யலம்மா. சோலார் வயரு சும்மா தொங்குச்சு, எதுலயாவது பட்டுறக்கூடாதேன்னு பழையபடி மாட்டிவிட்டேன். வெயில் வந்துச்சு. தானா ஓட ஆரம்பிச்சிருச்சு."

அந்த நொடியில், சாய்ஸில் விட்ட பாடம் முழுவதும் எனக்குப் புரிந்தது. செல்கள் சாகவே இல்லை. நான் போட்ட வெடியில் பயந்து கங்காணி கதவைச் சாத்திவிட்டது. கதவு சாத்தியிருக்கும்போது வெளியே மீட்டர் வைத்தால் சுழிதான் காட்டும், உள்ளே நாலு செல்லும் நலமாக இருந்தாலும். வெளியிலிருந்து சார்ஜ் கொஞ்சம் வந்து தட்டினால் மறுபடி திறக்கும். வெயில் வந்தது, தட்டியது, திறந்தது. இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அத்தை பொறுமையாகக் கேட்டார். "கங்காணி கதவச் சாத்திட்டான். சரி. தொறந்தது யாரு?"

"வெயில் அத்தை."

"வெயில அனுப்புனது யாரு?"

நான் பெட்டியைப் பார்த்தேன். மூன்று திருநீற்றுக் கோடுகளும் அப்படியே இருந்தன.

காய் தப்பித்தது. கொஞ்சம் மட்டும் வெளுத்துப்போய், விலைபோகாமல் வீட்டுக்கே வந்தது. அந்த வருஷம் எங்கள் வீட்டுப் பாயசத்தில் ஏலக்காய் வாசனை தெருமுனைவரை அடித்தது. தேனிக் கடைக்காரர் பேட்டரியைத் திரும்ப எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டு, ஒரு பட்டையை மட்டும் மாற்றிக்கொடுத்தார். தழும்பைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். பிரபு, "எலி" என்றார். என் கல்யாண வாழ்க்கையில் அவர் எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யார் நேரம் கழித்து எழுந்தாலும், "நித்யா பாத்து செத்துருச்சுன்னு சொல்லிட்டாளா?" என்றுதான் கேட்பார்கள். அதுகூடப் பழகிவிட்டது. போன வைகாசியில் ஒரு கல்யாணப் பந்தியில் சின்ன மாமா வெயிலில் அலைந்த களைப்பில் மயங்கிச் சரிந்தார். கூட்டம் கூடிவிட்டது. நான் விலக்கிக்கொண்டு போய், குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். மெல்ல ஒரு கண்ணைத் திறந்தார். பிடித்திருப்பது யார் என்று பார்த்தார். கையை உருவிக்கொண்டார்.

"நீ பாக்காத ஆத்தா" என்றார் ஈனமான குரலில். "மதினியக் கூப்பிடு. திருநீறு பூசி, கொஞ்ச நேரம் வெயில்ல வச்சா நானே எந்திரிச்சுக்கிருவேன்."