‘சத்தம்’ அட்டையில் என் பல்

டெஸ்ட் மைதானம்,
மூன்றாம் நம்பர் காருக்குள்,
திங்கள், மதியம் ஒரு மணி.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நீ நலமா, அத்தான் நலமா என்று முதலில் கேட்பதுதான் முறை. இந்தத் தடவை அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இதை நீ படித்து முடிப்பதற்குள் நம் இருவரில் யார் நலமாக இருக்கத் தகுதியானவர் என்பது தெரிந்துவிடும். போனில் பேசலாமே என்பாய். முடியாது. வீட்டுச் சுவர் மெல்லிசு, என் போனோ பத்து நாளாக என் மகள் கையில் கேமராவாக இருக்கிறது. அதனால்தான் சாப்பாட்டு இடைவேளையில் டெஸ்ட் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, டெஸ்ட் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் ‘தேர்ச்சி பெறவில்லை’ என்று அச்சடித்திருக்கும். அது உன்னைச் சொன்னதல்ல. இப்போதைக்கு.

என் வேலை எதன் மேல் நிற்கிறது என்று உனக்குத் தெரியும். என் முகத்தின் மேல் நிற்கிறது. இருபத்திரண்டு வருடமாக இந்த மைதானத்தில் டிரைவிங் டெஸ்ட் எடுக்கிறேன், ஒரு நாளும் என் பல்லை யாரும் பார்த்ததில்லை. டெஸ்ட்டுக்கு வருகிற பிள்ளைகள் எனக்கு ‘ஹேண்ட்பிரேக்’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, நான் பக்கத்தில் உட்கார்ந்தால் வண்டி தானாக மெதுவாகப் போகிறது. ஃபெயிலானவர்களிடம் ஒரே ஒரு வாசகம்தான் சொல்வேன்: “நான் முதல் தடவையிலேயே பாஸ். கவனம் இருந்தா போதும்.” இதைக் கல்யாணத்துக்கு முன்பு உன் தம்பி மனைவியிடம் சொன்னேன், மகள் பிறந்து விவரம் தெரிந்ததும் அவளிடம் சொன்னேன், இப்போதும் தினமும் சாப்பாட்டு மேஜையில் இன்றைக்கு யார் எத்தனையாவது தடவை ஃபெயில் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு அதைச் சொல்லித்தான் கை கழுவுகிறேன். அது பொய் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் என்னை டெஸ்ட் எடுத்த அதிகாரி, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் நானும் நீயும்.

இனி நடந்ததைக் கேள். உன் மருமகளுக்குக் கல்லூரியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். பாப் பாட்டுக்காக ஒரு பத்திரிகையை அட்டை, பொருளடக்கம், இரண்டு பக்கப் பேட்டி என்று முழுக்க அவர்களே வடிவமைக்க வேண்டும். உண்மையான பாடகர் யாருடைய படத்தையும் போடக்கூடாது, பாடகரையே சொந்தமாக உண்டாக்கிப் படம் பிடிக்க வேண்டும். இவள் பத்திரிகைக்குச் ‘சத்தம்’ என்று பெயர் வைத்தாள், பாடகருக்கு ‘மின்னல்’ என்று பெயர் வைத்தாள். மின்னலாக நடிக்க ஒப்புக்கொண்டிருந்த சினேகிதிக்குச் சரியாகப் படம் பிடிக்கிற அன்று காலை கன்னம் வீங்கிவிட்டது. இவளுடைய அம்மா, “எனக்கு அடுப்புல வேலை இருக்கு” என்று நழுவிவிட்டாள். அப்போது ஹாலில் உட்கார்ந்து சாக்ஸ் மடித்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான். “நீங்க சும்மா நின்னா போதும்ப்பா” என்றாள். சும்மா நிற்பது எனக்குத் தெரிந்த வேலை என்று நம்பித்தான் எழுந்தேன். மாடி வீட்டுத் தையல்காரர், யாரோ தைக்கக் கொடுத்து வாங்காமல் விட்ட மேடைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார், உடம்பு முழுக்கப் பளபளவென்று சில்லு, அது என் முன்பக்கத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது, அதனால் முதுகுத் தையலைப் பிரித்துவிட்டு நாடா கட்டினார், முன்னால் பார்த்தால் பாடகன், பின்னால் பார்த்தால் ஆபரேஷனுக்குப் போகிறவன். துணி காயப்போடும் கம்பியில் வெள்ளைப் போர்வை, முகத்துக்கு நேராக மேஜை விளக்கு, பக்கத்தில் ஃபேன். ஃபேன் எதற்கு என்றேன். “முடி பறக்கணும்ப்பா” என்றாள். ஐந்து நிமிடம் காத்திருந்தோம். பறக்க எதுவும் முன்வரவில்லை.

முதல் வரைவு தயாரானது. அதை வகுப்பில் இருபது பேரிடம் காட்டி, ஒரு படிவத்தில் கருத்து எழுதி வாங்க வேண்டுமாம், பிறகு அதன்படி திருத்த வேண்டுமாம். படிவங்களை நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒருவன், ‘இவர் பாடுவாரா, அபராதம் போடுவாரா?’ என்று எழுதியிருந்தான். ஒரு பெண், ‘பக்கத்தைத் திருப்ப அனுமதி கேட்க வேண்டும் போலிருக்கிறது’ என்று எழுதியிருந்தாள். பதினான்கு பேர் ‘பயமாக இருக்கிறது’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இத்தனை சில்லுக்கு நடுவிலும் என் முகம் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் நம் வீட்டு எடிட்டர் அதைத் திருத்த வேண்டிய குறையாக எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது வரைவில் கறுப்பாக இருந்த பின்னணி மஞ்சளானது. ‘சத்தம்’ என்ற எழுத்தைப் பெரிதாக்கி என் நெற்றிக்கு மேல் ஏற்றினாள், வழுக்கை மறைந்தது. பார்கோடு என் வயிற்றின் மேல் வந்து உட்கார்ந்தது, ஏன் என்றால், “அங்கதான்ப்பா இடம் நிறைய இருக்கு.” பொருளடக்கப் பக்கத்தில் என் ஒரு காது மட்டும் தனியாக, ஹெட்போன் மாட்டிக்கொண்டு. இதெல்லாம் போகட்டும். சிரிக்கச் சொன்னாள். நாற்பது படம் எடுத்தாள், நாற்பதிலும் நான் சிரித்ததாகத்தான் நினைத்தேன். மறுநாள் படிவத்தில், ‘பல் டாக்டரிடம் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறார், பாவம்’ என்று வந்தது. மூன்றாவது வரைவில் ‘இதழுடன் இலவசம்: சுவரில் ஒட்ட மின்னலின் பெரிய படம்’ என்று ஒரு சிவப்பு வட்டம் சேர்ந்தது. அதைப் பார்த்ததும்தான் கணக்குப் போட ஆரம்பித்தேன். இந்தப் பத்திரிகையைப் படிக்கப்போகிறவர்கள் யார்? பதினெட்டு வயதுக்காரர்கள். பதினெட்டு வயதுக்காரர்கள் அடுத்து எங்கே வருவார்கள்? நேராக என்னிடம் வருவார்கள். கவுன்டரில் விண்ணப்பங்களைப் புரட்டிப் பார்த்தேன், அந்த இருபது பேரில் பன்னிரண்டு பேருக்கு அடுத்த மாதம் டெஸ்ட். சுவரில் நான் சில்லுச் சட்டையோடு தொங்குவதைப் பார்த்துக்கொண்டு தூங்கி எழுந்த பிள்ளை, நான் “நிறுத்து” என்றால் நிறுத்துமா?

இது வரைக்கும் உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நேற்று மத்தியானம்தான் வந்தது வினை. பேட்டிப் பக்கங்களை என்னிடம் நீட்டி, “இத முழுசா மாத்தி எழுதியிருக்கேன். எழுத்துப் பிழை மட்டும் பாருங்கப்பா” என்றாள். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். ஆறு கேள்வி ஒழுங்காகப் போயிற்று. ஏழாவது கேள்வி, ‘உங்களைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒரு விஷயம்?’ அதற்கு மின்னல் பதில் சொல்கிறார், அதாவது சட்டை போட்ட நான் பதில் சொல்கிறேன்: ‘டிரைவிங் டெஸ்ட்டில் மூன்று தடவை ஃபெயில். இப்போதும் ரிவர்ஸ் கியரைத் தொட்டால் கை நடுங்கும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அப்பா முகத்தை நினைத்தாலே பயம்.’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வார்த்தை பிசகவில்லையே அக்கா! மூன்று தடவை சரி, ரிவர்ஸ் சரி, நம் அப்பாவுக்குப் பயந்து மறைத்தது சரி. அந்த மூன்றாவது தடவை ரிவர்ஸ் எடுக்கும்போது அதிகாரியின் நாற்காலியை இடித்துத் தள்ளினேனே, அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்ததால் பிழைத்தாரே, பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவள் நீ. அன்று காலைதான் நீ ஒரே தடவையில் பாஸ் செய்திருந்தாய். “சாகற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்டா” என்று சத்தியம் செய்தாய், ஆனால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே செய்தாய், அன்றைக்கே எனக்குச் சந்தேகம். பேட்டியில் நாற்காலியைப் பற்றி ஒன்றும் இல்லை. அதை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்திருக்கிறாளோ என்றுதான் நேற்றிலிருந்து நடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

எப்போது சொன்னாய் என்பதும் எனக்குத் தெரியும். லீவுக்கு உன் வீட்டில் ஆறு வாரம் இருந்தாளே, அப்போதுதான். போகும்போது கலகலவென்று போன பெண், திரும்பி வந்ததிலிருந்து மேஜையில் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுகிறாள். பதினெட்டு முடிந்துவிட்டதே, நம் மைதானத்துக்கே டெஸ்ட்டுக்கு வா, என் சக அதிகாரி எடுப்பார், முதல் தடவையிலேயே பாஸ் செய்து என் பெயரைக் காப்பாற்று என்கிறேன். “படிப்பு முடியட்டும்ப்பா” என்று எழுந்து போய்விடுகிறாள். அப்பன் பொய்யன் என்று தெரிந்துவிட்டது, இனி அப்பன் இருக்கும் மைதானத்தில் அவள் ஏன் காலை வைப்பாள்? வியாழக்கிழமை இதழ் அச்சாகிக் கல்லூரி ஹாலில் ஆளுக்கொன்று கொடுக்கப்போகிறார்கள். ஊர் சிரித்தால் தாங்கிக்கொள்வேன். அவள் இன்னும் என்னை நேருக்கு நேர் கேட்கவில்லை பார், அதுதான் பயமாக இருக்கிறது. எது கேட்டாலும் நான்தான் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. நீ உடனே அவளைக் கூப்பிட்டு, ‘அத்தை சும்மா கதை விட்டேன்’ என்று சொல்ல வேண்டும். ஒரு பொய்யை உடைத்தவள் இன்னொரு பொய் சொல்லிச் சரிக்கட்டுவதில் தப்பில்லை.

இப்போது, நீ நலமா? அத்தானுக்கு முழங்கால் தேவலையா? இந்தக் கோபத்திலும் நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், வழியில் எங்கும் நிற்காமல் நூறு வயது ஓட வேண்டும் என்றுதான் மனசு கேட்கிறது. மூத்தவள் என்று எனக்கு ஆசி எழுதி அனுப்பாதே. காப்பாற்று, அது போதும்.

கோபத்தோடும், அதைவிட ஒரு மடங்கு கூடுதலான பயத்தோடும்,
உன் தம்பி.

பின்குறிப்பு: திங்கள் மாலை, வீட்டில். உறையை ஒட்டுவதற்கு முன் அவளையே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது. அவள் தரையில் பக்கங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். நான் மைதானத்தில் நிற்பதுபோல் நின்று கேட்டேன், “உண்மையச் சொல்லு. மூணு தடவ ஃபெயிலானது, வீட்டுல மறைச்சது, அந்த நாற்காலி, எல்லாத்தையும் உங்க அத்தை சொல்லிட்டாளா?”

“எந்த நாற்காலி?” என்றாள்.

பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பவர்களை இருபத்திரண்டு வருடமாக ஃபெயில் போட்டவன் நான். அடுப்படியிலிருந்து அவள் அம்மாவும் வந்து, “எந்த நாற்காலிங்க?” என்றாள். வேறு வழியில்லை, இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், தண்ணீர் குடிக்கப் போனது வரைக்கும். அவள் அம்மா ஹாலில் கிடந்த நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தாள். மகள் சிரிக்கவில்லை. கையிலிருந்த பேனாவை மூடினாள்.

“அப்பா, அது நீங்க இல்ல. நான்.”

லீவில் உங்கள் ஊரில் மூன்று தடவை டெஸ்ட்டுக்குப் போனாளாம், மூன்றிலும் ஃபெயிலாம். “லைசென்ஸோட வந்து உங்க முன்னால நீட்டணும்னு நெனச்சேன். மின்னல்கிட்ட ஒரு குறையும் இல்ல, நம்பற மாதிரியே இல்லன்னு டீச்சர் எழுதியிருந்தாங்க. எனக்குத் தெரிஞ்ச குறை அது ஒண்ணுதான். உங்ககிட்ட நேரா சொல்ல பயமா இருந்துச்சு, அதான் பிழை பாக்கக் கொடுத்தேன்.” அப்புறம் சொன்னாள், “அத்தைகிட்ட கேட்டேன்ப்பா, அப்பா நெஜமாவே முதல் தடவையிலேயே பாஸான்னு. ‘உங்கப்பன் சொன்னா சரியாத்தான் இருக்கும்’னு சொல்லிட்டாங்க.”

அக்கா, அந்தப் பதினான்கு டிக்கைப் பார்த்துக் குளிர்ந்துபோனேனே, பதினைந்தாவது டிக் என் வீட்டு மேஜையிலேயே தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. என் ரகசியத்தை இருபத்தைந்து வருடம், அவள் ரகசியத்தை ஆறு மாதம், இரண்டையும் ஒரே வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தவளை நான் இத்தனை பக்கம் திட்டியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய், “நீங்களாவது நாற்காலிய இடிச்சீங்க. நான் மூணாவது தடவ ‘மெதுவாகச் செல்லவும்’ போர்டையே சாய்ச்சுட்டேன்ப்பா” என்றாள். எங்கிருந்துதான் வந்ததோ, சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர், வாய் முழுக்கப் பல். என் போன்தான் அவளிடம் இருந்ததே, படம் எடுத்துவிட்டாள்.

நான்காவது வரைவில் அட்டைக்கு அந்தப் படம்தான். பழைய பனியன், வழுக்கை, கடைவாய்ப் பல் வரை தெரிகிறது. மறுபடி பயம் வந்து, “மைதானத்துக்கு வர்ற பசங்க என்னைக் கண்டுபிடிச்சுருவாங்களே” என்றேன். “கவலைப்படாதீங்கப்பா. இந்த முகத்த அங்க யாரும் பாத்ததே இல்லையே” என்றாள்.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடலாம் என்றால் எடிட்டர் விடவில்லை. நீயே அடித்துவிட்டுப் படி. அவளுடைய நான்காவது டெஸ்ட்டுக்கு நானே அழைத்து வருகிறேன், பின் சீட்டில் உன் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்காருவேன். உங்கள் ஊர் அதிகாரி நாற்காலி போட்டு உட்காருகிறவரா என்று மட்டும் விசாரித்து உடனே எழுது.