துரையை வந்து அழைத்துப் போகவும்

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நான் நலம், பூனைக்குத் தையல். அங்கே நீயும் உன் மனைவியும் நலமாகத்தான் இருப்பீர்கள். இருக்காமல் என்ன, நாயைத்தான் எங்கள் தலையில் கட்டிவிட்டீர்களே. உன் மனைவிக்குத் தும்மல் நின்றுவிட்டதா? நாய் முடியால் வந்த தும்மல் என்று சொல்லித்தானே துரையைக் கொண்டுவந்து விட்டாய். மெத்தைக் கடைக்காரன் வீட்டில் பஞ்சால் தும்மல் வராது, நாயால்தான் வரும் என்று நானும் நம்பினேன்.

ஒரு பத்திக்கு ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும், கடிதத்தில் ஒரு வரியும் பொய் இருக்கக் கூடாது என்பது எங்கள் கான்வென்டில் சிஸ்டர் வைத்த சட்டம். முதல் சட்டத்தை இன்று என்னால் காப்பாற்ற முடியாது, விஷயம் அப்படி. இரண்டாவதைக் காப்பாற்றுவேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் நாளைக்கு "அப்படியா சொன்னே, காதுல விழலையே" என்பாய். உன்னை எனக்குத் தொட்டிலிலிருந்து தெரியும். நீயேதான் அன்றைக்குச் சொன்னாய், "அக்கா, நீ ஒரு வார்த்தை எழுதிப் போடு, ஞாயித்துக்கிழமை கடை வேனை எடுத்துட்டு வந்து துரையைக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்று. இதோ எழுதுகிறேன், ஒரு வார்த்தைக்கு மேலேயே.

என் பேத்தியை உனக்குத் தெரியும். கல்லூரிக்குப் போகிறாள். கையில் போன் இல்லாதபோது அவள் முகம் எப்படி இருக்கும் என்பது எங்களுக்கே மறந்துவிட்டது. நாயும் பூனையும் ஒரே தட்டில் சாப்பிடுவதைப் படம் எடுத்துப் போட்டால் உலகமே கொண்டாடும் என்று எவளோ ஒரு தோழி சொல்லியிருக்கிறாள். இரண்டு வருடமாக அவை இந்த வீட்டில் இருந்தது எப்படித் தெரியுமா? ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியாதது போல நடித்துக்கொண்டு, பேச்சு வார்த்தை இல்லாத நாத்தனார்கள் ஒரே கல்யாண வீட்டில் இருப்பதைப் போல. நல்ல ஏற்பாடு. அதைக் கெடுத்தாள். துரையின் தட்டில் வேகவைத்த கறியைப் போட்டாள். என் அறையில் உன் அத்தானின் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த பூனையைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தத் தட்டுக்கு முன்னால் வைத்தாள். பூனை மூக்கை நீட்டியதுதான் தெரியும். துரை அதன் பிடரியைக் கவ்வி, ஈரத்துணியை உதறுவது போல உதறியது. பேத்தி அலறினாள், ஆனால் போனைக் கீழே வைக்கவில்லை. நான்தான் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, உன் அத்தானின் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். குடை வளைந்தது, நாய் விட்டது, பூனை அலமாரியின் உச்சிக்குப் போய்விட்டது. அந்தப் படத்தில் நாய் கவ்வியது பாதிகூட விழவில்லையாம், நான் குடையை ஓங்கியது மட்டும் கண்ணாடி போல விழுந்திருக்கிறதாம். முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் அதைப் பார்த்துவிட்டு, "பாவம் அந்த நாய்", "கிழவியைப் பிடிச்சு உள்ள போடுங்க" என்று எழுதியிருக்கிறார்கள். கடித்தது நாய், கெட்ட பெயர் எனக்கு.

வீட்டில் இருக்கிறவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? என் பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்து கேட்ட முதல் கேள்வி, "அம்மா, குடை அது கண்ணுல படலையே?" என்பது. பல் டாக்டராகிய என் மருமகள் முழங்கால் போட்டு உட்கார்ந்து, துரையின் வாயைத் திறந்து, கடைவாய்ப் பல் ஏதும் ஆட்டம் கண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். அந்தப் பல் பதிந்த இடம் அலமாரிக்கு மேலே இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. "பூனையையும் கொஞ்சம் பாரும்மா" என்றேன். "அது எங்க துறை இல்லீங்க அத்தை" என்றாள். வண்டி பிடித்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனது நான். பிடரியில் தையல், பின்னங்காலில் தையல், நக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் கூம்பு. அதை மாட்டிக்கொண்டு பூனை என்னைத் திரும்பிப் பார்த்தபோது, கஞ்சி போட்ட தலைத்துணியோடு எங்கள் கான்வென்ட் மதர் வகுப்புக்குள் நுழைந்தது போலவே இருந்தது. அதே பார்வை. தவறு என்னுடையது என்பது போல.

அன்று சாயங்காலம் குடும்பமே கூடிப் பேசியது. இரண்டில் ஒன்று வீட்டை விட்டுப் போக வேண்டும், அதுவரை எல்லாருக்கும் ஒரே கருத்து. எது என்பதில் எனக்குத்தான் வேறு கருத்து. "பூனைதானேம்மா, எங்க விட்டாலும் பொழச்சுக்கும். தங்கச்சி வீட்டுல விட்டுடலாம்" என்றான் பிள்ளை. போனில் இருந்த என் மகள் கொஞ்சமும் யோசிக்காமல், "தாராளமா அனுப்புண்ணா, அம்மாவும் கூடவே வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்றாள். பார்த்தாயா? ஒரே பார்சல். இது உன் அத்தான் கட்டிய வீடு. அவர் நாற்காலியில் நானே உட்காருவதில்லை, பூனை ஒன்றுதான் உட்காருகிறது. இன்றைக்குப் பூனையை அனுப்பச் சம்மதித்தால் நாளைக்கு அந்த நாற்காலி எங்கே போகும், நான் எங்கே போவேன் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். "பூனை போனா நானும் போறேன், திரும்பி வர மாட்டேன்" என்றேன். யாராவது "என்னம்மா இப்படிச் சொல்றீங்க" என்று கேட்பார்கள் என்று சற்று நேரம் காத்திருந்துவிட்டு, நானே எழுந்து என் அறைக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் மருமகள் ஒரு நாய் வாத்தியாரைக் கூட்டி வந்தாள். சட்டையெல்லாம் பை, பையெல்லாம் பிஸ்கட். வந்ததும் வராததுமாக, "பாட்டிம்மா, துரை தப்பே பண்ணல. அதோட தட்டு, அதோட உரிமை" என்றார். "அதோட பல்லு, எங்க பூனையோட கழுத்து" என்றேன். "உங்க கோவம் புரியுது. ஆனா நாய் உங்க கோவத்தை மோந்து பாத்துடும்" என்றார். "நல்லா மோந்து பாக்கட்டும்" என்றேன். ஒரே மாதத்தில் இரண்டையும் சிநேகிதமாக்கிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போட்ட சட்டங்களைக் கேள். துரை படுத்த துண்டு என் கட்டில் தலைமாட்டில், பூனை படுத்த துண்டு துரையின் மூக்கடியில். வாசனை பழக வேண்டுமாம். பூனை என் அறையை விட்டு வரக் கூடாது, அதாவது நானும் வரக் கூடாது. இரண்டுக்கும் சாப்பாடு என் அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. கதவைத் திறக்க நினைப்பவர் யாராக இருந்தாலும் வெளியே நின்று "கதவு!" என்று கூவ வேண்டும். தான் யார், எங்கே போகிறேன், துரை கூட இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் நான் பூனையைப் பார்த்துவிட்டு "சரி" என்றோ, "சீறுது, வேண்டாம்" என்றோ சொல்ல வேண்டும். பூனை சீறுவது நின்றுவிட்டால் சட்டமெல்லாம் ரத்து.

சமையலறைக்கும் கொல்லைப்புறத்துக்கும் போகிற வழி என் அறை வழியாகத்தான் என்பது உனக்குத் தெரியும். ஆகவே காலையில் கண் விழித்ததிலிருந்து நான் ரயில்வே கேட் காவலாளி. "அம்மா, கதவு! நான்தாம்மா. ஆபீஸ் கிளம்பறேன், இன்னைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில லிஃப்ட் நின்னு போச்சாம், வர லேட்டாகும். துரை கூட இல்ல." ஊரில் உள்ள லிஃப்டுக் கதவையெல்லாம் தானாகத் திறக்க வைக்கிறவன், இங்கே டிபன் பாத்திரத்தோடு உத்தரவுக்கு நிற்கிறான். அவன் போனால் மருமகள், பூனைக்கு மருந்து தடவ. தடவிவிட்டுப் போக வேண்டியதுதானே? கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பல் பிடுங்கப் பயந்து நாற்காலியிலிருந்து குதித்து ஓடிய போலீஸ்காரர் கதையை ஆரம்பிப்பாள். சாயங்காலம் பேத்தி. பூனைத் தட்டைப் பிடித்துக்கொள்வது அவளுக்குப் போட்ட தண்டனை, போனைக் கையில் எடுக்கக் கூடாது என்பது வாத்தியார் உத்தரவு. கை சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்குமா? வகுப்பில் எவன் எவளோடு பேசவில்லை என்பதுவரை எனக்குச் சொல்கிறாள். போன மாதம் வரை செருப்புச் சத்தத்தை வைத்து யார் போகிறார்கள் என்று நானாகத் தெரிந்துகொண்டு என் பாட்டில் படித்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் படிக்க முடிகிறதா? சொல்லுப்பா, இந்த வயதில் எனக்கு இது தேவையா?

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வேனோடு வந்து துரையையும், அதன் தட்டு, படுக்கை, வாயில் மாட்டும் கூடை, துண்டு அனைத்தையும் எடுத்துச் செல்லவும். சாப்பிட்டுவிட்டு வரவும். இங்கே உனக்குச் சமைத்துப் போடும் மனநிலையில் நான் இல்லை.

உனக்கும் உன் மனைவிக்கும் என் ஆசிகள். இப்போதைக்குப் பாதி ஆசி. மீதியை நாய் வண்டியில் ஏறியதும் தருகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு. இதை வேண்டுமென்றே தனித் தாளில் எழுதுகிறேன். படித்ததும் இதை மட்டும் கிழித்துப் போடு. ஞாயிற்றுக்கிழமை வராதே. வேனை எடுக்கவே எடுக்காதே.

மேலே உள்ளதில் பொய் இல்லை, எழுதிய நாளில் எல்லாம் உண்மை. தபாலில் போடத் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான். போன வாரம் ஒரு மதியம் செய்தித்தாள் எடுக்கக் கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டில் யாரும் இல்லை. "கதவு" என்று நான் யாரிடம் கூவுவது? வளைந்த குடையைப் பிடித்துக்கொண்டு திறந்தேன். கூடத்தில் கட்டிப் போட்டிருக்க வேண்டிய துரை என் வாசலிலேயே படுத்திருந்தது. கட்ட மறந்தவள் பேத்தி, வேறு யார். குடைக்கு அடியில் புகுந்து உள்ளே வந்துவிட்டது. பூனை நாற்காலியை விட்டு அசையவில்லை. பக்கத்தில் வந்த மூக்கில் ஓங்கி ஒரு அறை விட்டது. துரை முனகிக்கொண்டே தரையில் மல்லாந்துவிட்டது. குடையை ஓங்கிக்கொண்டு நின்றதுதான் எனக்கு மிச்சம். அன்றிலிருந்து மதியமெல்லாம் துரை என் கட்டிலுக்கு அடியில், பூனை துரையின் முதுகில். எல்லாரும் வீடு திரும்பும் நேரத்துக்குத் துரையை வெளியே அனுப்பிக் கட்டிப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறேன். யார் கேட்டாலும் "இன்னும் சீறுது" என்கிறேன். சிஸ்டர் சட்டம் கடிதத்துக்குத்தான், வாய்க்கு இல்லை.

சீறுவது நின்றால் கதவையெல்லாம் திறந்து போட்டுவிடுவார்கள். திறந்து கிடக்கிற கதவுக்கு முன்னால் நின்று எவன் "அம்மா" என்று கூப்பிடப் போகிறான்?

என் பிள்ளை உனக்குப் போன் செய்து, "மாமா, அம்மா இன்னும் கோவமாத்தான் இருக்காங்களா?" என்று கேட்பான். "கோவமாவா! ஒரு கடுதாசி போட்டிருக்கா பாரு, தொட்டா சுடுது" என்று சொல். ஏதோ ஒரு சாக்குச் சொல்லி வேனை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இரு. பழுது என்று சொல், உன் வேன் என்றால் யாரும் நம்புவார்கள். மேலே உள்ள தாள்களைப் பத்திரமாக வைத்திரு, அவன் நேரில் வந்தால் காட்டலாம்.

இன்னும் எழுத இருந்தேன். பேத்தி இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாள். வாசலில் நிற்கிறாள். "பாட்டி, கதவு! நான்தான்! துரையைக் காணோமே, நீங்க பாத்தீங்களா? பூனை எப்படி இருக்கு?" துரை கட்டிலுக்கு அடியில் வாலால் தரையைத் தட்டிக்கொண்டிருக்கிறது. பூனை அதன்மேல் நன்றாகத் தூங்குகிறது, எழுப்பினாலும் எழுந்திருக்காது. இப்போது சீற வேண்டியவள் நான்தான். முடித்துக்கொள்கிறேன்.