பத்துக்குப் பத்து மீன்கறி

இனிமேல் எதற்கும் குத்துமதிப்பாகப் புள்ளி போடுவதில்லை என்று வவுணதீவு வினாயகமூர்த்தி வாத்தியார் சபதம் எடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கட்டுரையென்றால் கையெழுத்துக்கு இரண்டு, கருத்துக்கு நாலு என்று கட்டம் கீறிப் பிரித்துப் போட வேண்டுமாம். அடியில் கையெழுத்து வைத்த பிறகு போட்ட வாத்தியாரே அதை மாற்றக்கூடாதாம். இந்தப் பைத்தியம் பள்ளிக்கூடத்தோடு நின்றிருந்தால் மனுசன் தப்பியிருப்பார்.

வீட்டிலும் ஒரு கட்டம் கீறி அடுப்படிச் சுவரில் ஒட்டினார். உப்பு, புளி, உறைப்பு, மணம், பரிமாறும் பக்குவம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு. பெண்சாதி அன்னப்பூரணியின் கறிக்கு அன்றிலிருந்து ஆறோ ஏழோதான். ஊரே விரல் சூப்பித் தின்னும் கறி, பாவம்.

அவளுக்கோ மனசு முழுக்கக் கதிரவெளியில். அங்கே தங்கச்சிக்குத் தலைப்பிள்ளை, மாதம் நிறைந்துவிட்டது. தாயில்லாத பெட்டை. பத்து நாள் போய்க் கூட நிற்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அன்னப்பூரணிக்கு வாய் நொந்தது. எனக்கு ஆர் சோறாக்குவது என்ற ஒரே மறுமொழிதான் வந்தது. சுடுதண்ணி வைக்கவும் தெரியாதவன் என்று சொல்லிக்கொள்ள வாத்தியாருக்குத் துளி வெட்கமில்லை.

ஒருநாள் அவள் மிகப் பணிவாகக் கேட்டாள். பிள்ளைகளுக்கு மாதிரிக் கட்டுரை எழுதிக் காட்டுகிறவர், எனக்கு ஒரு மாதிரிக் கறி ஆக்கிக் காட்டினால் என்ன?

சனிக்கிழமை காலையில் வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டினார். மீன் கரைந்தது. சட்டி அடிப்பிடித்தது. அன்னப்பூரணி ஒரு வாய் வைத்து, முகம் கோணாமல் விழுங்கிவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

"ஒன்பது."

"ஒரு புள்ளிய எங்க வெட்டின நீ?"

"உறைப்பு கொஞ்சம் கூடிப்போச்சு."

அவ்வளவுதான். வாத்தியார் விடுவாரா? உறைப்பு சரிதான் என்று அரை மணித்தியாலம் வாதாடினார். கண்ணால் தண்ணீர் ஓட ஓட இன்னொரு பிடி தின்று காட்டினார். எந்த நாளும் இதே பக்குவத்தில் ஆக்க என்னால் முடியும் என்றும் சொல்லி வைத்தார். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"சரி, பத்து. கையெழுத்த வைங்க," என்றாள். பெருமையோடு வைத்தார்.

அவள் உள்ளே போய்க் கட்டி வைத்திருந்த றங்குப்பெட்டியோடு வந்தாள்.

"வல்லிபுரத்தார் துறையில தோணியோட நிக்கிறார். தங்கச்சியிட்டப் போயித்து வாறன்."

"அப்ப எனக்குச் சோறு?"

"பத்துக்குப் பத்து எடுத்தவருக்கு ஏழு எடுக்கிறவள் எதுக்கு?"

அந்தப் புள்ளி பிழை என்று சொல்ல வாத்தியார் வாயெடுத்தார். அவள் சுவரிலிருந்த கையெழுத்தைக் காட்டினாள்.

படலையைத் திறந்தவள் நின்று திரும்பினாள். அவளுக்கும் மனசு கேட்கவில்லைபோலும்.

"பகலைக்கு என்ன செய்யிறதெண்டு யோசிக்காதீங்க. உங்கட கறி சட்டி நிறைய இரிக்கு."