பாதிவழி இக்காவும் என் சர்க்கரையும்

உலகத்திலேயே ஆட்டோ ஓட்டி ஆட்களை இளைக்க வைத்த ஒரே மனிதர் எங்கள் மட்டாஞ்சேரியில்தான் இருக்கிறார். டாக்டர்களால் முடியாததை, ஜிம்காரர்களால் முடியாததை, கட்டிய மனைவி கையெடுத்துக் கும்பிட்டும் நடக்காததை, இவர் பிரேக்கை ஒரு மிதி மிதித்துச் சாதித்துவிடுவார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கும். ஸ்டாண்டில் யாருக்கும் அது தெரியாது. ஊருக்கு அவர் பாதிவழி இக்கா.

இக்கா என்பது இங்கே முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மரியாதை. பாதிவழி என்பது அவருடைய தொழில் முறை. மற்ற டிரைவர்கள் உள்ளே இருக்கும் கண்ணாடியைப் பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்க வைத்திருப்பார்கள். இக்கா அதைச் சரியாகப் பயணியின் வயிற்றுக்கு நேரே திருப்பி வைத்திருப்பார். கண்ணாடிக்குள் வயிறு அடங்கினால் வீட்டு வாசல் வரை ராஜமரியாதை. அடங்காவிட்டால் போகிற தூரத்தில் சரிபாதியில் வண்டி நின்றுவிடும். "இறங்குங்க. மிச்சம் நடந்தா மதி" என்பார். மலையாளத்தில் மதி என்றால் போதும். வாடகையும் பாதிதான் வாங்குவார். கர்ப்பிணிகளுக்கும் வயசானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

இறக்கிவிட்டுப் போய்த் தொலைவாரா என்றால் அதுவும் கிடையாது. நீங்கள் வேறு ஆட்டோவைக் கைகாட்டிவிடுவீர்கள் என்று பின்னாலேயே காலி வண்டியை உருட்டிக்கொண்டு வருவார். நடை தளர்ந்தால் ஹாரன் அடிப்பார். முன்னால் ஒரு தொந்தி வேர்க்க விறுவிறுக்க நடக்க, பின்னால் ஓர் ஆட்டோ ஊர்ந்து வரும் காட்சியை பஜார் ரோட்டில் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் ஏதோ கோயில் ஊர்வலம் என்று போட்டோ எடுத்திருக்கிறார்கள்.

ஒரு தடவை மஃப்டியில் வந்த போலீஸ் இன்ஸ்பெக்டரையே இறக்கிவிட்டார். "நான் யாருன்னு தெரியுமா?" என்று அவர் கத்த, "ஆளைத் தெரியல. வயிறு தெரியுது" என்றார் இக்கா. அன்றோடு அவர் லைசென்ஸ் காலி என்று ஸ்டாண்டே துக்கம் கொண்டாடியது. இரண்டு மாதம் கழித்து அதே இன்ஸ்பெக்டர், பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டு, ஸ்டாண்டில் வேறு மூன்று வண்டி காலியாக நிற்க, இக்காவின் வண்டிக்காகக் காத்து நின்றார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோகும் டெலிவரி பைக்குகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. "சோறு வண்டியேறி மாடிக்குப் போகுது. தின்னுறவன் கதவு தொறக்கவே மூச்சு வாங்குறான்" என்று சிக்னலில் நின்று புலம்புவார்.

அந்த மூச்சு வாங்குகிறவர்களில் நானும் ஒருத்தன். செறளாயியில் வீடு, தோப்பும்படியில் ஆபீஸ். வீட்டு வாசலில் ஆட்டோ, ஆபீஸ் வாசலில் லிஃப்ட், ஒன்பது மணி நேரம் நாற்காலி. நாலு மணிக்குப் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி மேஜைக்கே வந்துவிடும். இருபது வருஷம் இப்படி மகாராஜா மாதிரி வாழ்ந்ததில், என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மூணு மாசம் டைம் தரேன். எடையும் சர்க்கரையும் இறங்கலைன்னா இன்சுலின்தான். தினம் ஊசி."

பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த நர்ஸைப் பார்த்துவிட்டுச் சுவரேறிக் குதித்துக் கையை முறித்துக்கொண்ட வீரன் நான். சர்க்கரையை விட எனக்கு அந்த ஊசிதான் பயம்.

அதுவரை இக்கா கண்ணில் படாமல் வேறு வண்டி பிடித்தே காலத்தை ஓட்டியிருந்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் கொட்டுகிற மழை. கிடைத்தது அவர் வண்டி ஒன்றுதான். மடியில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வயிற்றை எக்கி உட்கார்ந்தேன். கண்ணாடியை ஏமாற்ற முடியுமா?

"எந்தா சாமி, ஷுகரா?" எங்கள் மாதிரித் தமிழ் பிராமணர்கள் எல்லோருமே இங்கே சாமிதான்.

"லேசா இருக்கு, இக்கா."

"லேசா இருந்தா மொகம் இப்படி இருக்காது. இறங்குங்க, சாயா குடிக்கலாம்."

கடையில் எனக்குச் சர்க்கரை இல்லாத சாயா சொன்னார். தன் கிளாஸில் நாலு ஸ்பூன் போட்டுக் கலக்கினார். ஏன் இக்கா இப்படி ஊரைப் படுத்துகிறீர்கள் என்று கேட்டேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"துணிக்கடை மொதலாளி ஒருத்தர். பதினஞ்சு கொல்லம், முழுசாப் பதினஞ்சு வருஷம், வீட்டு வாசல்லேர்ந்து கடை வாசலுக்குக் கொண்டு விட்டேன். நடந்தா பத்து நிமிஷம். ஷுகர் வந்துச்சு, கால்ல புண்ணு வந்துச்சு, முட்டுக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரிலேர்ந்து நாந்தான் கூட்டியாந்தேன். 'இனி உன் வண்டிதான்டா எனக்குக் காலு'ன்னாரு. சந்தோஷமாச் சொன்னாரு சாமி. எனக்கு நெஞ்சு வெந்துபோச்சு. அந்தக் காலைப் பதினஞ்சு கொல்லமா நானில்ல எடுத்துட்டிருந்தேன்!"

ஆட்டோக்காரர் ஒருவர் தன் பயணியின் காலுக்குப் பொறுப்பேற்றுப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த நிமிஷமே மனசுக்குள் விழுந்து கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு மூன்று மாதத்துக்கு மாட்டிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து எந்த ஆட்டோவும் என்னை ஏற்றவில்லை. ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். காலையில் பாதிவழியில் சுள்ளிக்கல்லில் இறக்கிவிட்டால், அங்கிருந்து ஆபீஸ் வரை ஹாரனோடு நடை. பழம்பொரிக் கடைக்காரர் என்னைக் கண்டதும் தட்டை மூடினார். என் மனைவியோ கட்சி மாறிவிட்டாள். "ஏன்னா, நான் சொன்னா கேக்கலை. அவர் ஹாரன் அடிச்சா ஓடறேள்" என்று சிரித்தாள்.

எடை இறங்க ஆரம்பித்தது. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. நான் இளைத்ததை விட இக்கா வேகமாக இளைத்தார். சட்டை தோளில் தொங்கியது. எந்நேரமும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தார். எனக்காகக் கவலைப்பட்டு, வெயிலில் என் பின்னால் வந்து உருகுகிறார் என்று நினைத்து நான் ரகசியமாக நெகிழ்ந்துபோனேன். இப்படியொரு முட்டாளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மூன்றாவது மாத முடிவில் என்னோடு இக்காவும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். லேபில் என் ரத்தத்தை எடுக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்ள, அவர் வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் நடையின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவே இரண்டு தடவை பாத்ரூம் போய்வந்தார். லேப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இக்காவும் விரல் காட்டு. ஒண்ணு நோக்கிடலாம்" என்றாள்.

"எனக்கா? குடைக்கம்பி மாதிரி இருக்கேன். இது தடியன்மாருக்கு வர்ற ரோகம் மோளே" என்று சிரித்தபடி நீட்டினார்.

எனக்கு நன்றாக இறங்கியிருந்தது. மாத்திரை போதும், ஊசி வேண்டாம். அவருக்கோ நானூறைத் தாண்டி நின்றது. டாக்டரம்மா இன்னும் சில பரிசோதனைகள் செய்துவிட்டு அவரை எதிரே உட்கார வைத்தார்.

"ஊரையெல்லாம் நடக்க வெக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன். நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பீங்க?"

இக்கா ஜன்னல் வழியாக வாசலில் நின்ற தன் ஆட்டோவைப் பார்த்தார். மட்டாஞ்சேரியின் பாதித் தொந்தியைக் கரைத்த மனிதர், பன்னிரண்டு மணி நேரம் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, நாலு ஸ்பூன் சர்க்கரையோடு பத்து சாயா குடித்துக்கொண்டு, எங்கள் பின்னால் வண்டியில்தான் வந்திருக்கிறார். அது அவருக்கும் தோன்றவில்லை, ஸ்டாண்டுக்கும் தோன்றவில்லை, மூன்று மாதம் அவர் வண்டிக்கு முன்னால் நடந்த எனக்கும் தோன்றவில்லை.

"ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும். உங்களுக்கு இப்ப இன்சுலின் இல்லாம முடியாது" என்றார் டாக்டரம்மா.

இன்ஸ்பெக்டருக்கே அசராத மனிதர் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் ஒளித்துவைத்தார். மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. மகள் மஸ்கட்டில். நர்ஸ் சொல்லிக்கொடுத்ததற்கெல்லாம் தலையாட்டினார். மறுநாள் காலை ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்தால், ஊசியை ஆட்டோ சீட்டில் குத்தி அழுத்திவிட்டு, "போட்டாச்சு சாமி" என்றார். ரெக்சினில் ஈரம் இருந்தது.

"பயமா இக்கா?"

"பயம்தான்" என்றார். குழந்தை மாதிரி என் முகத்தைப் பார்த்தார். "என் காலையும் எடுத்துருவாங்களா சாமி?"

பேனா மாதிரி இருந்த அந்த ஊசியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். நர்ஸிடம் போய் நானும் ஊசி போடக் கற்றுக்கொண்டேன்.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு அவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கும் திருப்பிக்கொள்ளத்தான் ஆசை. குத்துகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை. பிறகு இரண்டு பேரும் இட்டலி சாப்பிட்டுவிட்டு, வண்டியைப் பூட்டிவிட்டு நடக்கிறோம். சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. "நாளைக்கும் வருவீங்கல்ல சாமி?" என்று தினமும் கேட்கிறார். ஆபீஸ் இருக்கிற வரைக்கும் வருவேன் என்று விறைப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இக்காவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்: அந்த மனுஷன் என்றால் எனக்கு உயிர்.