பத்தாவது ஆள்

ஐயா, நீர் யாரோ எவரோ. எங்கேயோ ஒரு குளுகுளு அறையில், சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, புதிய தொழிலாளர் சட்டத்தில் "பத்து" என்று எழுதினீரே, அந்தக் கை உம்முடையதுதானே? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமெல்லாம் சட்டத்துக்குள் வரும் என்றீர். பதினொன்று என்று எழுதியிருந்தால் உம்முடைய பேனாவில் மை தீர்ந்தா போயிருக்கும்? அந்த ஒன்றைக் கூட்டிப் போட உமக்கு மனசு வரவில்லை. அதனால் ஒரு மனிதர் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளும்.

தெருவில் அவரைப் பெட்டிக்காரர் என்பார்கள். அட்டைப்பெட்டிப் பட்டறை வைத்திருக்கிறார். செருப்புக்கு, கேக்குக்கு, மின்விசிறிக்கு, எதைக் கொண்டுவந்தாலும் அதன் அளவுக்குப் பெட்டி. கடைகடையாய் ஏறி இறங்கிப் பழைய அட்டை பொறுக்கி விற்றதில் தொடங்கி, பதினாறு வருஷத்தில் ஒரு வெட்டு மெஷின், ஒரு மடிப்பு மெஷின், ஒரு ரோலிங் ஷட்டர் என்று வளர்ந்தவர். பேரம் பேச நின்றாரென்றால் எதிரே நிற்பவருக்கு வேர்த்துவிடும். அப்படி ஒரு தொண்டை. ஆனால் கையில் ஃபைலோடு யாராவது தெருமுனையில் திரும்பினால் போதும், இவர் பக்கத்துச் சந்துக்குள் நழுவிவிடுவார். பட்டறை ஆரம்பித்தபோதே, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று என்றால் தன் பெயர் எதிலும் இருக்கக் கூடாதென்று, லைசென்ஸ் முதல் எல்லா விண்ணப்பத்திலும் மனைவியையே கையெழுத்துப் போடவைத்த சூரர்.

சட்டத்தைப் பற்றி அவருக்கு முதலில் சொன்னவர் பக்கத்து அச்சகக்காரர். ஒரு நாள் காலையில் நோட்டீஸும் கையுமாக வந்து நின்றார்.

"பாத்தியா? அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியிலேர்ந்து அமல்."

"என்னத்த?"

"ஒவ்வொரு ஆளுக்கும் வேலைக் கடிதம் கொடுக்கணும். வந்த நேரம், போன நேரம் எழுதி வைக்கணும். வாரத்துல ஒரு நாள் கட்டாய லீவு. இல்லேன்னா..."

"இல்லேன்னா?"

அச்சகக்காரர் கட்டைவிரலை மேசைமேல் வைத்து, அரக்கு முத்திரை குத்துவதுபோல மெதுவாக, ரொம்ப மெதுவாக, அழுத்தினார்.

பெட்டிக்காரருக்கு அந்த விரல் தன் கழுத்தில் அழுந்தியது மாதிரி இருந்தது.

"ஷட்டரையா?"

"ஷட்டரைத்தான். உன்கிட்ட எத்தனை பேரு?"

"வெட்டுறதுக்கு ரெண்டு, ஒட்டுறதுக்கு நாலு, மெஷின்ல ஒண்ணு, ஏத்தி இறக்க ஒண்ணு, வண்டிக்கு ஒண்ணு. ஒம்போது."

"உன் வீட்டுக்காரி?"

பெட்டிக்காரர் பசை டப்பாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பத்து!

அன்றிலிருந்து அவருக்கு உயிர் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வாசலில் பைக் நின்றால் மின்விசிறிப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய்விடுவார். தபால்காரர் வந்து "சார்" என்றபோது, அடுக்குக்குள்ளிருந்தே "முதலாளி ஊர்ல இல்லை" என்று கத்தினார். பட்டறையே அதிர்கிற அந்தத் தொண்டை யாருடையது என்று தபால்காரருக்குத் தெரியாதா? கடிதத்தை அடுக்கின் உச்சியில் வைத்து, "அவர் வந்ததும் குடுத்துடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது மின்சார வாரியக் கடிதம். அதைப் பிரிக்கவே அவருக்கு மூன்று நாள் ஆயிற்று.

நாலாவது நாள் மத்தியானம், பட்டறையின் பின்பக்கத் தடுப்புக்குள் டிபன் பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்த மனைவியிடம் வந்து குசுகுசுத்தார்.

"ஒரு ஆளை நிறுத்தணும்."

"யாரை?"

"வெட்டுறவன்ல ஒருத்தனை."

"பிளேடு மாத்த யாருக்குத் தெரியும்? உங்களுக்கா?"

"ஒட்டுறதுல ஒண்ணு."

"பசை கலக்குற அம்மாவையா? அதுக்கு ரெண்டு பிள்ளைங்க படிக்குது. போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் இங்கேருந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

அவர் தடுப்பின் ஓரம் வரை போனார். பசை கலக்குகிற அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுமில்ல, நல்லாக் கலக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

"அப்ப என்னை எடுத்துடுங்க" என்றாள் மனைவி, சோற்றைப் பிசைந்துகொண்டே.

"என்னது?"

"நான் இங்க வேலைக்காரி இல்லேன்னு சொல்லிடுங்க. ஒம்போது ஆயிடும்ல?"

பெட்டிக்காரருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "இதைத்தான்டி நானே சொல்லணும்னு இருந்தேன்!"

"சொல்லி என்ன பிரயோஜனம், எழுதிக் குடுங்க. அதிகாரி வந்தா காட்டணுமே."

எழுதினார். "என் மனைவி இந்தப் பட்டறையில் தொழிலாளி அல்லர். இவருக்கு இங்கே யாரும் வேலை ஏவுவதில்லை." தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, பட்டறை முத்திரையும் குத்தினார். அவள் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமை?" என்றாள்.

"என்ன ஞாயித்துக்கிழமை? ஒம்போது பேருக்குச் சட்டமே கிடையாது. பெட்டிக்கு ஏதுடி ஞாயிறு?"

பதினாறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமையாவது பட்டறையை மூடச் சொல்லி அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டால் குறைந்தது அரை மணி நேரம் கேட்பாள். அன்றைக்கு ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டாள். மனிதர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். பயத்தில் இருக்கிறவருக்கு எங்கே மூளை வேலை செய்கிறது?

மறுவாரம் ஃபைலோடு ஓர் அம்மா வந்து இறங்கினார். பெட்டிக்காரர் அடுக்கை நோக்கிப் பாய, மனைவி சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"எங்க ஓடுறீங்க? அதிகாரி இல்லீங்க. சிறுதொழில் சங்கத்து ஆலோசகர். சட்டம் வர்றதுக்கு முன்னாடியே வந்து எது சரி, எது தப்புன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போவாங்க. நான்தான் வரச் சொன்னேன்."

"எவ்வளவு கேப்பாங்க?"

"இலவசம்."

இலவசம் என்றதும் அவர் கால் தானாக நின்றது.

ஆலோசகர் அம்மா காபி கூட வேண்டாம் என்றார். ஒவ்வொருவரிடமும் போய் மூன்றே கேள்வி கேட்டார். உங்களை வேலைக்குச் சேத்தது யாரு? லீவு வேணும்னா யாரைக் கேப்பீங்க? சம்பளம் யாரு கையால வாங்குறீங்க?

"அக்கா" என்றார் வெட்டுகிறவர்.

"அக்காதான்" என்றார் பசை கலக்குகிற அம்மா.

ஒன்பது பேர், இருபத்தேழு பதில். இருபத்தேழும் அக்கா. பெட்டிக்காரர் ஓரமாக நின்று தொண்டையைக் கனைத்தார். ஒருவரும் திரும்பவில்லை.

"அப்ப ஐயாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டார் ஆலோசகர்.

வண்டிக்காரர் யோசித்தார். "காலையில ஷட்டரைத் திறப்பாரு."

"சாயங்காலம் மூடுவாரு" என்றார் மெஷின்காரர்.

"நடுவுல?"

"நடுவுல கத்துவாரு."

ஆலோசகர் அதையும் குறித்துக்கொண்டார். "லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு?"

மனைவி கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்தாள். அதோடு, மடித்து வைத்திருந்த அந்தக் காகிதத்தையும் எடுத்தாள். ஆலோசகர் இரண்டையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"தெளிவா எழுதியிருக்கீங்க ஐயா. இவங்க தொழிலாளி இல்ல, இவங்களுக்கு யாரும் வேலை ஏவுறதில்ல. லைசென்ஸும் இவங்க பேர்ல. அப்ப இவங்கதான் முதலாளி. ஆளுங்க ஒம்போது. ஷட்டர் திறக்குற நீங்க ஒண்ணு. மொத்தம் பத்து."

"நானா?"

"சட்டம் உங்களுக்கும் உண்டு. பயப்படாதீங்க, இது உங்க பாதுகாப்புக்குத்தான்."

ஷட்டருக்கு அரக்கு வைப்பார்கள் என்று பயந்தவர் தலையிலேயே வைத்துவிட்டார்களே!

"அவ்வளவுதானா மேடம் செய்யவேண்டியது?" என்றாள் மனைவி.

"அவ்வளவுதாம்மா. ஆளுக்கொரு கடிதம், நேரத்துக்கு ஒரு பதிவேடு, வாரத்துல ஒரு நாள் லீவு. இதுக்குப் போய் எல்லாரும் நடுங்குறாங்க."

மனைவி மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே வேலைக் கடிதங்கள், பக்கத்து அச்சகத்தில் பளபளவென்று அச்சடித்து, கட்டாக. பெட்டிக்காரர் எண்ணிப் பார்த்தார். பத்து. பத்தாவதில் இவருடைய பெயர். தேதியைப் பார்த்தார். அச்சகக்காரர் கட்டைவிரலை அழுத்திக் காட்டினாரே, அதற்கு முந்தின நாள்.

"பொது உதவியாளரா?" என்று அலறினார். "ஏண்டி, மேனேஜர்னு போட்டா என்ன?"

"முடியாது."

"சரி, மேற்பார்வையாளர்."

"எதை மேற்பார்த்தீங்க?"

"உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஷட்டர் பொறுப்பாளர். கடைசி விலை!"

"பொது உதவியாளர். ஒரே விலை."

"இதென்ன, மூணு மாசம் தகுதிகாண் காலம்னு போட்டிருக்கு? பதினாறு வருஷமா இருக்கேனே!"

"எழுத்துல ஒண்ணும் இல்லையேங்க."

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "அப்படின்னா நான் ராஜினாமா. ஒம்போது பேருதான். உன் சட்டத்தை மடிச்சு வச்சுக்கோ!"

"தாராளமா. ஆனா வேலையில இல்லாதவங்க மெஷின் பக்கம் வரக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க. வீட்டுல அழுக்குத் துணி ரெண்டு பக்கெட் ஊறுது. நேரா அங்க போயிடுங்க."

வெட்டு மெஷினைப் பார்த்தார். தோளில் அட்டை சுமந்து சுமந்து வாங்கிய மெஷின். அதைத் தொடக் கூட இனி ஒரு காகிதம் வேண்டும். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பசை கலக்குகிற அம்மா மட்டும், "நல்லா இருங்க தம்பி, புது வேலை" என்று வாழ்த்தினார்.

இப்போது பைக் சத்தம் கேட்டால் அவர் ஒளிவதில்லை. மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டால்தான் மடிப்பு மெஷினைத் துடைக்க ஆரம்பிக்கிறார். பத்தைப் பதினொன்றாக்கச் சொல்லி உமக்கு ஒரு மனு எழுத அரை நாள் லீவு கேட்டுப் பார்த்தார். தகுதிகாண் காலத்தில் லீவு கிடையாதாம்.

ஆகையால் ஐயா, வினையை வைத்தவர் நீர். நீரேதான் வந்து எடுக்க வேண்டும். பேனாவைத் திறந்துகொண்டு புறப்படும். அந்தப் பத்தை அடித்துவிட்டுப் பதினொன்று என்று திருத்தும். இந்த வாரமே வாரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து நிற்காதீர். அன்றைக்குப் பட்டறை லீவு.