திருப்பேலாத போஸ்ட்காட்டுகள்

ஒரு குடும்பத்துக்குள் புதிதாக நுழைந்த மருமகன் சோம்பேறியாக இருக்கலாம், கொஞ்சம் குடிக்கிறவனாகக்கூட இருக்கலாம். அதையெல்லாம் காலப்போக்கில் பொறுத்துக்கொள்வார்கள். உதவி செய்கிறவனாக மட்டும் இருக்கக் கூடாது. நான் உதவி செய்கிறவன். அதிலும், சொன்னதற்கு மேலே ஒரு படி செய்கிறவன். (ஆட்கள் வழமையாகக் கால் தடக்கி விழுவது அந்த ஒரு படியில்தான்.)

இலங்கையில் சண்டை முடிந்த வருடம் அது. வைகாசி வரை ரொறன்ரோவில் எங்கள் ஆட்களுக்கு ஒழுங்கான நித்திரை கிடையாது. சண்டையை நிறுத்தச் சொல்லி ரோட்டில் நின்றோம். வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சியைப் போடவும் பயம், அணைக்கவும் பயம். பிறகு ஒருவரும் சத்தமாகக் கதைக்காத ஒரு கோடைகாலம் வந்து போனது. மார்கழி பிறந்தபோதுதான் அந்த வருடத்தின் முதல் நல்ல செய்தி வந்தது. இரண்டு தரம் விசா மறுக்கப்பட்ட பெரியம்மாவுக்கு மூன்றாம் தரம் கிடைத்துவிட்டது.

பெரியம்மா என்றால் என் மனைவி நிரோவின் தாயாருக்கு மூத்த சகோதரி. மாமி, அதாவது நிரோவின் தாயார், இருந்தது ரொறன்ரோ எல்லையில், மில்லிக்கனில். அவர்களுடைய ஒரே தம்பி அருள் பாரிஸில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. நாங்கள் எல்லோரும் அவரைப் பாரிஸ் மாமா என்போம். பெரியம்மா மட்டும் யாழ்ப்பாணத்தை விட்டு வரவில்லை. மூவரும் ஒரு கூரையின் கீழ் நின்று இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

இந்த மூவருக்கும் இடையில் ஒரு சட்டம் இருந்தது. நத்தாருக்கும் (கிறிஸ்மஸ்தான்) சரி, எங்கேயாவது விடுமுறைக்குப் போனாலும் சரி, ஒருவருக்கொருவர் படம் போட்ட போஸ்ட்காட்தான் அனுப்ப வேண்டும். கடிதம் கூடாது. சட்டம் போட்டது பெரியம்மா. "கடிதமெண்டால் என்ன கிடக்கெண்டு வழியில உடைச்சுப் பாப்பாங்கள். போஸ்ட்காட்டை எவன் உடைக்கிறது? வாசிக்கிறவன் வாசிச்சிட்டு அனுப்பட்டும்" என்பது அவருடைய நியாயம். அப்படியாக நயாகரா யாழ்ப்பாணம் போனது, ஈபிள் கோபுரம் மில்லிக்கனுக்கு வந்தது, கண்டி யானைகள் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. வந்ததை ஒருவரும் எறியவில்லை. இதனால் ஒரு சிக்கல். பெரியம்மா கேட்ட கேள்வி மாமியின் அலுமாரியில் கிடந்தது. மாமி எழுதிய மறுமொழி பெரியம்மாவின் சொப்பிங் பையில் கிடந்தது. இருபது வருடக் கதை கேள்வி வேறாகவும் பதில் வேறாகவும் இரண்டு மூன்று நாடுகளில் பிரிந்து இருந்தது.

அந்த நத்தாருக்கு மூன்று பேரும் தங்கள் தங்கள் பங்கைக் கொண்டுவந்து சேர்த்து, கேள்வியும் பதிலுமாக முழுக் குடும்பத்துக்கும் வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடு. பெரியம்மா அதற்கென்றே புதுக் கண்ணாடி செய்வித்துக்கொண்டு விமானம் ஏறியிருந்தார்.

பெரியம்மாவும் பாரிஸ் மாமாவும் வந்திறங்கியதும், எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மாமி என்னிடம் தந்தார்.

"தம்பி, உதுகளை வருச ஒழுங்கில அடுக்கித் தாறீங்களே? எங்கட கண்ணுக்கு முத்திரையில கிடக்கிற திகதி தெரியுதில்லை."

அவ்வளவுதான் கேட்டார். ஒரு மணித்தியால வேலை. ஒரு றப்பர் பான்ட் போதும்.

ஆனால் பாருங்கள், நான் அப்போது ஒரு கலைஞன். பகலில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை என்றாலும், பின்னேர வகுப்பில் கிராஃபிக் டிசைன் படித்து, அதைப் பாதியில் விட்டிருந்தேன். (பாதி படித்தவனுக்குத்தான் தைரியம் கூட.) கலியாணம் கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாமி வீட்டில் என்னைப் பற்றிய பொது அபிப்பிராயம் 'பிள்ளை நல்ல பிள்ளை' என்பதோடு நின்றிருந்தது. அதற்கு அர்த்தம் வேறொன்றும் சொல்ல இல்லை என்பதுதான். அதை மாற்ற இதைவிடச் சந்தர்ப்பம் வராது என்று நினைத்தேன்.

நாலடிக்கு நாலடியில் ஒரு பலகை வாங்கினேன். கடையில் நின்ற பையனிடம், "இருக்கிற பசையிலேயே ஆகத் திறமானது எது?" என்று கேட்டேன். அவன் "எதை ஒட்டப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டான். "குடும்ப வரலாறு" என்றேன். அவன் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, தரைக்குப் பலகை பதிக்கிறவர்கள் பாவிக்கிற பசைக் குழாய் ஒன்றை எடுத்துத் தந்தான்.

எங்கள் அப்பார்ட்மென்டில் இரண்டு பின்னேரம் குந்தியிருந்து ஒட்டினேன். வருட ஒழுங்கில் அல்ல; வருட ஒழுங்கு கண்ணுக்குக் குளிர்ச்சியாக இல்லை. நிற ஒழுங்கில் ஒட்டினேன். மேலே கடல்களும் வானங்களும், நடுவில் தேயிலைத் தோட்டமும் பூங்காக்களும், கீழே சுவிஸ் மலையும் ஸ்காபரோ பனியும். படம் வெளியே. எழுத்து பலகைக்கு.

ஒன்றையாவது வாசித்தாயா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. மற்றவர்களுக்கு வந்ததை வாசிக்கக் கூடாது என்று என்னை வளர்த்திருந்தார்கள். ஒவ்வொரு அட்டையையும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு திருப்பி, மூலை மூலையாகப் பசை பூசி, நடுவிலும் ஒரு வட்டம் போட்டு ஒட்டினேன். அந்த எழுத்துகளைக் கடைசியாகப் பார்த்த மனிதன் நான்தான். பார்த்தேன், வாசிக்கவில்லை. அவ்வளவு பண்பு.

நத்தார் அன்று பூசை முடிந்து எல்லோரும் மாமி வீட்டுக்கு வந்தார்கள். குசினியில் இடியப்பம் அவிந்துகொண்டிருந்தது. பலகையைக் கட்டில் விரிப்பால் மூடி வரவேற்பறையில் நிறுத்தியிருந்தேன். பெரியம்மா புதுக் கண்ணாடியைப் போட்டு, கண்ணைத் துடைக்க ரிசுக் கடதாசி ஒன்றையும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் கதிரையில் இருந்தார்.

விரிப்பை இழுத்தேன்.

சின்னப் பிள்ளைகள் கை தட்டினார்கள். பாரிஸ் மாமா விசிலடித்தார். மாமி, "ஐயோ, எவ்வளவு வடிவு!" என்றார். பெரியம்மா எழும்பிக் கிட்ட வந்தார். வடிவாகத்தான் பார்த்தார். பிறகு ஒரு யானையின் மூலையில் நகத்தை வைத்துத் தூக்கிப் பார்த்தார். அது வரவில்லை. பக்கத்திலிருந்த நயாகராவைத் தூக்கிப் பார்த்தார். அதுவும் வரவில்லை.

"தம்பி, உதை எப்பிடித் திருப்புறது?"

"திருப்பேலாது பெரியம்மா" என்றேன் பெருமையோடு. "பத்து வருசம் போனாலும் அசையாது."

அதற்குப் பிறகு வந்த அமைதியை நான் முதலில் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நிரோ என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"இஞ்சருங்கோ, ஒண்டையாவது திருப்பிப் பாக்கேல்லையே?"

"மற்றவேன்ர கடிதத்தை வாசிக்கிறது எனக்குப் பழக்கமில்லை."

"அது போஸ்ட்காட்! யாழ்ப்பாணத்தில தபால்காரன் வாசிச்சிருப்பான், சென்றியில நிண்ட ஆமிக்காரன் வாசிச்சிருப்பான், பக்கத்து வீட்டுக்காரர் வாசிச்சிருப்பினம். வாசிக்காத ஒரேயொரு ஆள் நீங்கள்தான்!"

மீட்புப் பணிக்குப் பாரிஸ் மாமா தலைமை தாங்கினார். "ஆவியில பிடிச்சால் கழண்டிடும். நான் குசினிக்காரன், எனக்குத் தெரியும்" என்றார். இடியப்பத் தட்டுகள் இறங்கின. கொதிக்கிற பானைக்கு மேலே நாலடிப் பலகையை நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் ஒரு அட்டை அப்பளம் போலப் பொங்கியது. மாமா மெல்ல இழுத்தார். ஈபிள் கோபுரம் மட்டும் தோலாக உரிந்து அவருடைய கையில் வந்தது. எழுத்து பலகையிலேயே தங்கிவிட்டது.

"ஐயோ, என்ர கோபுரம்!" என்றார்.

அடுத்து, குளிரில் வைத்தால் பசை உடையும் என்று யாரோ சொன்னார்கள். பின்வளவில் மைனஸ் பதினைந்தில் பலகையை வைத்துக் காத்திருந்தோம். பசைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாவுக்குத்தான் தடிமன் பிடித்தது. நிரோ பசைக் குழாயைத் தேடி எடுத்து அதிலிருந்த பொடி எழுத்தை வாசித்தாள். மழை, பனி, வெயில், நீராவி எல்லாவற்றையும் தாங்கும் என்று போட்டிருந்தது. (அதையாவது நான் வாசித்திருக்கலாம். அது எனக்கு வந்ததுதானே.)

மாமனார் அதிகம் பேசாதவர். பலகையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா ஒட்டியிருக்கிறான்" என்றார். இன்றுவரை எனக்கு அவர் தந்த ஒரே பாராட்டு அது.

பலகையைத் திரும்பவும் வரவேற்பறையில் நிறுத்தினோம். பெரியம்மா அதற்கு முன்னால் தனிய இருந்தார். நான் பக்கத்தில் போய், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ பெரியம்மா" என்றேன்.

"தொண்ணூற்றைஞ்சில இடம்பெயரேக்க தையல் மெசினை விட்டிட்டு உந்தப் போஸ்ட்காட் பையைத்தான் தூக்கிக்கொண்டு போனனான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போன கதை சொல்வது மாதிரிச் சொன்னார். எனக்கு அந்தப் பசையைக் குடித்தால் என்ன என்று இருந்தது.

பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று ஒரு மாட்டைச் சுட்டிக் காட்டினார். சுவிஸ் மலையடிவாரத்தில் மணி கட்டிய மாடு.

"டேய் அருள், உது நீ அங்க சுற்றுலா போன வருசம் போட்டது. என்ன எழுதினனீ எண்டு ஞாபகமிருக்கோ?"

"குளிருது எண்டு எழுதியிருப்பன்" என்றார் மாமா மூக்கைச் சீறிக்கொண்டு.

"இல்லை. ‘அக்கா, நான் இப்ப பெரிய சமையல்காரன். உன்ர நண்டுக் குழம்பு இனி எனக்குத் தேவையில்லை’ எண்டு எழுதினனீ."

"நானோ? சத்தியமா இல்லை!"

"எழுதினனீ."

"எழுதேல்லை அக்கா!"

"அப்ப திருப்பிக் காட்டு."

மாமா வாயைத் திறந்தார். பலகையைப் பார்த்தார். வாயை மூடினார். முதலில் சிரித்தது மாமி. பிறகு வீடே சிரித்தது. பெரியம்மா சிரிக்கவில்லை, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த அட்டைக்குப் போய்விட்டார்.

"உந்த யானையில நான் கேட்டனான், நிரோவுக்கு முன்பல்லு விழுந்திட்டுதாமே, அழுதவளோ எண்டு."

மாமி எழும்பி வந்து பலகை முழுக்கத் தேடி, ஒரு பனி மூடிய தேவாலயத்தில் விரலை வைத்தார். "நான் உதில மறுமொழி போட்டனான் அக்கா. உன்ர காட் வந்து சேர முந்திப் புதுப் பல்லு முளைச்சிட்டுது எண்டு."

"ஓம். அது வந்து சேரேக்க நான் அங்க ஒரு பல்லுப் புடுங்கிப்போட்டு இருந்தனான்."

அன்று மத்தியானம் சாப்பாடு ஆறியது. ஒருவரும் எழும்பவில்லை. அக்காவும் தங்கையும் படத்துக்குப் படம் தாவிக் கேள்வியும் பதிலுமாகப் போனார்கள். மாமா ஒவ்வொன்றையும் மறுத்தார், மறுத்ததும் எல்லோரும் சேர்ந்து "திருப்பிக் காட்டு!" என்றார்கள். பிள்ளைகளுக்கு அது பாட்டாகிவிட்டது. பெரியம்மா மடித்து வைத்திருந்த ரிசு, சிரித்து வந்த கண்ணீருக்குத்தான் உதவியது.

பலகை இப்போது ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில், எங்கள் வீட்டுப் படிக்கட்டுச் சுவரில் இருக்கிறது. ஒவ்வொரு நத்தாருக்கும் ஆட்கள் அதற்கு முன்னால் கூடுவார்கள், பெரியம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வீடியோவில் வருவார். வருடம் போகப்போக அந்த அட்டைகள் வளர்ந்துகொண்டே வருகின்றன. ரொறன்ரோவில் வீட்டு விலை இப்படி ஏறும் என்று மாமி தொண்ணூறுகளிலேயே ஒரு ஏரிக்கரைப் படத்தின் பின்னால் எழுதியிருந்தாராம். பாரிஸ் மாமா ஒரு பாலத்தின் பின்னால் முழுக் கவிதை எழுதியதாக இப்போது சொல்கிறார். நிரோவுக்கு வாய்க்கப்போகிறவன் கொஞ்சம் அவசரக்காரனாக இருப்பான் என்று தான் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எழுதியதாகப் பெரியம்மா சொன்னபோது, "திருப்பிக் காட்டுங்கோ" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்த நத்தார் முழுவதும் எனக்கு அதே பேச்சு. இங்கே பிறந்த என் மகள்கூட, பள்ளிக்கூட வீட்டுவேலை முடித்தாயா என்று கேட்டால், "முடிச்சிட்டன் அப்பா, திருப்பிக் காட்டட்டா?" என்று கேட்கிறாள். கொப்பி வெறுமையாக இருக்கும்.

போன நத்தாருக்கு நிரோ தன்னோடு படித்த ஒரு பெண்ணைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். நூதனசாலை ஒன்றில் பழைய கடதாசிகளைப் பழுதுபார்க்கிற வேலை அவளுக்கு. படியேறும்போது பலகையைக் கண்டு நின்றுவிட்டாள். விரலால் தடவினாள், பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள், கதையைக் கேட்டாள்.

"இதை எடுக்கலாம்" என்றாள். "மெதுவாகச் செய்தால் எல்லாவற்றையும் கழற்றலாம். எழுத்தும் பெரும்பாலும் தப்பும். உரிந்துபோன அந்தக் கோபுரத்தின் பின்பக்கத்தைக்கூட எடுக்கலாம்."

இத்தனை வருடப் பழி தீரப்போகிறது. அதோடு, அவற்றில் உண்மையில் என்னதான் எழுதியிருக்கிறது என்று, கையில் பிடித்துப் பார்த்தும் தெரியாத ஆள் நான் மட்டும்தான். "எப்ப தொடங்கலாம்?" என்று கேட்டேன்.

ஒருவரும் என்னோடு சேரவில்லை. மாமி சட்டென்று குசினிப் பக்கம் போனார். நத்தாருக்கு வந்திருந்த பாரிஸ் மாமா, கவிதை எழுதிய பாலத்துக்கு முன்னால் போய், அதை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். மாமனார், "நல்லா ஒட்டிக் கிடக்கிறதை ஏன் கிளப்புவான்?" என்றார்.

நான் கைப்பேசியைத் திருப்பி, வீடியோவில் இருந்த பெரியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். இதற்காகக் கண்ணாடி செய்வித்து, கடல் கடந்து வந்தவர் அவர்தானே. அவர் சொன்னால் ஒருவரும் மறுக்க முடியாது.

பெரியம்மா பலகையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். மேலிருந்து கீழ்வரைக்கும் ஆறுதலாகப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அந்தப் பிள்ளை சாப்பிட்டிட்டாளோ?"

"இன்னும் இல்லை பெரியம்மா."

"அப்ப வயிறு நிறையச் சாப்பாடு குடுத்து, இருட்ட முந்தி வீட்டை அனுப்பிவிடுங்கோ."